அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் வீச்சு கணக்கிடுவது எப்படி: லூப்பிலிருந்து பெரிய கோப்பு வரை

வீச்சு என்றால் பெரிய மதிப்பிலிருந்து சின்ன மதிப்பைக் கழித்தால் வருவது. அவ்வளவுதான். ஒரு அணியோ அட்டவணையோ கையில் இருக்கிறது, ஒவ்வொரு வரிசைக்கும் இந்த ஒரு எண் வேண்டும், எழுத வேண்டிய நிரலும் பெரும்பாலும் ஒரே வரி. ஆனாலும் இதில் தப்பான விடை வருவது மிகச் சாதாரணம், அதுவும் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் அமைதியாக வரும். கழித்தலில் யாரும் தவறுவதில்லை. எந்தத் திசையில் கணக்கிடுகிறோம், காலியான இடங்களை என்ன செய்கிறோம், எண்கள் எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்ற மூன்று இடங்களில்தான் தவறுகிறார்கள். இந்த வழிகாட்டியில் அந்த மூன்றுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அந்தந்த மொழியின் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் போட்டுக்கொள்ளுங்கள். அடைப்புக்குறி, காற்புள்ளி, எண் எல்லாம் அப்படியே.

கடைசி வரை இந்த ஒரே அணியை வைத்துப் பார்ப்போம்:

```
அணி = [[12,  7, 19,  4],
       [-3, -8, -1, -6],
       [ 5,  5,  5,  5]]
```

மனக்கணக்கிலேயே விடை தெரிகிறது: 15, 7, 0. இப்படி விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு குட்டி அணியை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வரிசை முழுக்க எதிர்மறை எண்ணாகவும், ஒரு வரிசை முழுக்க ஒரே எண்ணாகவும் இருப்பது வேண்டுமென்றே செய்தது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதல் படி: லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதியை) ஒருமுறை கையால் எழுதுங்கள்

ஆயத்த ஃபங்ஷன்கள் அடங்கிய நூலகம் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். எழுதிப் பார்த்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடும், பின்னால் காலி மதிப்பு வரும்போது ஏன் விடை கெடுகிறது என்பதும் புரியும்.

```
ஒவ்வொரு வரிசைக்கும்:
    பெரியது = வரிசை[0]
    சிறியது = வரிசை[0]
    மீதி உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும்:
        எண் > பெரியது என்றால்: பெரியது = எண்
        இல்லையேல், எண் < சிறியது என்றால்: சிறியது = எண்
    விடையில் சேர்: பெரியது - சிறியது
```

இரண்டு மாறிகளும் வரிசையின் முதல் எண்ணிலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். பலரும் பெரியது = 0 என்று தொடங்குவார்கள். முதல் வரிசைக்கு அது சரியாகவே வரும். இரண்டாவது வரிசையில் எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழே, அதனால் பெரியது என்பது 0-வாகவே நின்றுவிடும், விடை 7-க்குப் பதில் 8 ஆகிவிடும். அந்த 0 அணியிலேயே இல்லாத எண்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. முதல் எண்ணுக்குப் பதிலாகப் பெரியதை எதிர்மறை முடிவிலியிலும் சிறியதை நேர்மறை முடிவிலியிலும் தொடங்கலாம், தவறில்லை. ஆனால் அப்போது மேலே உள்ள 'இல்லையேல்' இருக்கக் கூடாது. 1, 2, 3, 4 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசையை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு எண்ணும் பெரியதைத் தாண்டிவிடும், இரண்டாவது நிபந்தனைக்கு ஒருமுறைகூடப் போகாது, சிறியது கடைசி வரை முடிவிலியாகவே இருக்கும். முதல் எண்ணில் தொடங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை.

வெறும் பைத்தானில் இதையே சுருக்கமாக எழுத வேண்டுமென்றால், வரிசைகளின் மேல் ஓடும் ஒரு லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன், அதாவது ஒரே வரியில் பட்டியலை உருவாக்கும் வடிவம், போதும்:

```
விடை = [மேக்ஸ்(வ) - மின்(வ) ஃபார் வ இன் அணி]
```

சின்ன தரவுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து, நூலகத்தை இறக்குமதி செய்வதே வீண். காலியான வரிசை ஒன்று வந்தால் மட்டும் பிழை வரும், வரவும் வேண்டும். அப்புறம், சிஎஸ்வி கோப்பை நேரடியாகப் படித்தால் எண்கள் எல்லாம் எழுத்துச் சரங்களாகத்தான் வரும், முதலில் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் அகராதி வரிசைப்படி ஒப்பிட்டு '9' என்பது '10'-ஐ விடப் பெரியது என்று சொல்லும். கழித்தல் இருப்பதால் அந்த இடத்தில் பிழை வந்து நம்மைக் காப்பாற்றிவிடும், ஆனால் பெரியதையும் சிறியதையும் தனித்தனியாகக் காட்டும் நிரலாக இருந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை.

இரண்டாவது படி: நம்பையும் திசைக் குழப்பமும்

பைத்தானில் அணிக் கணக்குகளுக்கான நூலகம் நம்பை. அதில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, பெயர் பிடிபி, 'பீக் டு பீக்' என்பதன் சுருக்கம். ஒலி அலை, மின்சார அலை போன்றவற்றில் உச்சியிலிருந்து பள்ளம் வரை அளப்பதற்கான பெயர்.

```
நம்பை.பிடிபி(அணி, ஆக்சிஸ்=1)     → [15, 7, 0]
```

பழைய நிரல்களில் அணி.பிடிபி(...) என்று, அணியோடு ஒட்டிய மெத்தடாக எழுதியிருப்பார்கள். 2024-இல் வந்த நம்பை 2.0-இல் அந்த மெத்தடை எடுத்துவிட்டார்கள், தனி ஃபங்ஷன் மட்டும் இருக்கிறது. பழைய நிரல் திடீரென்று ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சரி, ஆக்சிஸ் 1 என்றால் ஏன் வரிசைவாரியாக வருகிறது? வரிசை முதல் பரிமாணம், அதன் எண் 0, அப்படியானால் வரிசைக்கு 0 தானே போட வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. இதை இப்படி நினைவில் வைத்தால் குழப்பம் வராது: ஆக்சிஸ் என்று நாம் கொடுப்பது *மறைந்து போக வேண்டிய* பரிமாணம். நம் அணி 3 வரிசை, 4 நெடுவரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண் வேண்டுமென்றால் விடையில் 3 எண்கள் இருக்க வேண்டும், அதாவது 4 மறைய வேண்டும். 4 இருப்பது இரண்டாவது இடத்தில், எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் அதன் எண் 1. பரிமாணம் மூன்று நான்கு என்று கூடினாலும் இந்த விதி அப்படியே பொருந்தும்.

ஆக்சிஸ்=0 என்று போட்டால் நெடுவரிசைகளின் வீச்சு வரும்: 15, 15, 20, 11. முதல் எண்ணைப் பாருங்கள், இரண்டு திசையிலும் 15 தான். விடையின் முதல் எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டுத் திருப்தியாக நகர்ந்தால் இங்கே மாட்டிக்கொள்வோம். நீளம் 3-ஆ 4-ஆ என்று பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் 4-க்கு 4 சதுர அணியில் நீளமும் துணைக்கு வராது. அதனால் சோதனைக்கு வைத்திருக்கும் அணி சதுரமாக இருக்கவே கூடாது. ஆக்சிஸையே கொடுக்காமல் விட்டால் மொத்த அணிக்கும் சேர்த்து ஒரே எண், 27, வந்து நிற்கும்.

வீச்சை வைத்து மேற்கொண்டு கணக்குப் போடுவதாக இருந்தால் கீப்டிம்ஸ்=ட்ரூ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது விடை 3-க்கு 1 என்ற வடிவில் இருக்கும், அணியிலுள்ள ஒவ்வொரு எண்ணோடும் வரிசைப்படி சரியாகப் பொருந்தும். ஒவ்வொரு வரிசையையும் 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவர, சிறியதைக் கழித்து வீச்சால் வகுக்கிறோம் இல்லையா, அங்கே இது கட்டாயம் வேண்டும். நம் மூன்றாவது வரிசை அங்கேதான் கைகொடுக்கிறது: வீச்சு 0, பூஜ்யத்தால் வகுத்தல். மாறாத வரிசைக்கு என்ன விடை வேண்டும் என்பதை நூலகம் தீர்மானிக்க முடியாது, நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது படி: காலி மதிப்புகள்

அளவீடு வராத இடத்தில் நம்பை 'நேன்' என்ற சிறப்பு மதிப்பை வைக்கும், எண் அல்லாதது என்று பொருள். ஒரு வரிசையில் ஒரே ஒரு நேன் இருந்தால்கூட அந்த வரிசையின் வீச்சு நேன் ஆகிவிடும். இது குறை இல்லை, 'இந்த வரிசை முழுமையாக இல்லை' என்ற நேர்மையான தகவல். தவிர்த்துவிட்டுக் கணக்கிட வேண்டுமென்றால்:

```
நம்பை.நேன்மேக்ஸ்(அணி, ஆக்சிஸ்=1) - நம்பை.நேன்மின்(அணி, ஆக்சிஸ்=1)
```

மாறாக, பைத்தானுடைய சொந்த மேக்ஸ் ஃபங்ஷனிடம் நேன் போனால் நடப்பது ஆபத்தானது. நேனோடு செய்யும் பெரிது, சிறிது ஒப்பீடு எல்லாமே பொய் என்றுதான் வரும், எனவே நேன் முதலில் இருந்தால் விடை நேன், பின்னால் இருந்தால் நேன் கண்ணிலேயே படாமல் ஏதோ ஒரு எண். ஒரே எண்கள்தான், அவை வரும் ஒழுங்கு மாறினால் விடை மாறுகிறது. முதல் படியில் எழுதிய லூப்பை ஓட்டிப் பார்த்தால் ஏன் என்று உடனே தெரியும்.

தவிர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. நான்கு அளவீட்டில் மூன்று காலி, ஒன்று மட்டும் இருக்கிறது என்றால் வீச்சு 0 என்று வரும். நான்கும் ஒரே எண்ணாக இருந்த வரிசைக்கும் 0. முதலாவதில் 'தெரியவில்லை', இரண்டாவதில் 'மாறவே இல்லை', ஆனால் அட்டவணையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நிலையான வரிசைகளைத் தேர்ந்தெடுக்க இந்த 0-வைப் பயன்படுத்தினால், தரவே இல்லாத வரிசைகள் முன்னால் வந்து நிற்கும். அதனால் வீச்சின் பக்கத்தில் எப்போதும் 'எத்தனை மதிப்பு இருந்தது' என்ற எண்ணிக்கையும் இருக்கட்டும், இரண்டுக்குக் கீழே இருந்தால் வீச்சை நேன் ஆக்கிவிடுங்கள். இந்தப் படியை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

நான்காவது படி: எண் வகை

பிடிபி ஃபங்ஷன் உள்ளே வந்த அதே எண் வகையிலேயே விடையைத் தரும். 8 பிட் முழு எண்ணில் -128 முதல் 127 வரைதான் இடம். ஒரு வரிசையில் 100-ம் -100-ம் இருந்தால் வீச்சு 200, அது அந்த இடத்தில் கொள்ளாது, சுற்றிக்கொண்டு போய் -56 என்று வரும். எச்சரிக்கை எதுவும் வராது. ஒலிக் கோப்புகளில் 16 பிட் எண்கள் சகஜம், அங்கே -32768 முதல் 32767 வரை முழுவதும் விரிந்த வரிசையின் வீச்சு 65535-க்குப் பதில் -1 ஆகும்.

இதில் ஒரு நல்ல விஷயம், குறியுள்ள 8 பிட், 16 பிட் எண்களில் இந்த வழிதல் நடந்தால் விடை கட்டாயம் எதிர்மறையாகத்தான் இருக்கும். வீச்சு ஒருபோதும் எதிர்மறையாக முடியாது. எனவே விடையில் பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் இல்லை என்று ஒரே ஒரு சோதனை போட்டால் இந்தப் பிழை முழுவதையும் பிடித்துவிடலாம். தீர்வும் சுலபம்: கணக்கிடும் முன் அணியை 64 பிட் முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். குறியில்லாத 8 பிட் எண்ணில், அதாவது படங்களில் இருப்பதுபோல் 0 முதல் 255 வரை என்றால், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும்வரை வழியாது. தலைகீழாகக் கழித்தால் 4 - 19 என்பது 241 ஆகிவிடும்.

தசம எண்களில் வேறு மாதிரி. 0.1, 0.2, 0.3 உள்ள வரிசையின் வீச்சு 0.19999999999999998 என்று வரும். காட்டும்போது வட்டமாக்கிக்கொள்ளலாம், ஆனால் 'வீச்சு 0.2 அல்லது அதற்கு மேல்' என்று நிபந்தனை போட்டால் இந்த வரிசை தப்பிவிடும். எல்லை மதிப்பில் ஒரு சின்ன விலக்கம் விட்டு ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது படி: பாண்டாஸ் அட்டவணை

பாண்டாஸ் என்பது பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் நூலகம். அதில் இப்படி எழுதலாம்:

```
எண்கள் = அட்டவணை[அளவீட்டு_நெடுவரிசைகள்]
வீச்சு = எண்கள்.மேக்ஸ்(ஆக்சிஸ்=1) - எண்கள்.மின்(ஆக்சிஸ்=1)
போதும் = எண்கள்.கவுன்ட்(ஆக்சிஸ்=1) >= 2
அட்டவணை["வீச்சு"] = வீச்சு.வேர்(போதும்)
```

நம்பைக்கு நேர்மாறாக, பாண்டாஸ் காலி மதிப்புகளைத் தானாகவே தவிர்த்துவிடும். அதனால்தான் மூன்றாவது வரியும் நான்காவது வரியும்.

முதல் வரியில் நெடுவரிசைகளைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நியூமரிக்_ஒன்லி=ட்ரூ என்று போட்டால் எழுத்து நெடுவரிசைகள் விலகிவிடும், அது போதுமே என்று தோன்றும். போதாது. அடையாள எண், ஆண்டு, குறியீட்டு எண் எல்லாமும் எண்தான். 100457 என்ற அடையாள எண் வரிசைக்குள் வந்துவிட்டால் அதுதான் எப்போதும் பெரியது, வீச்சு முழுக்க அதன் வேலை. ட்ரூ, ஃபால்ஸ் நெடுவரிசைகளும் உள்ளே வந்துவிடும்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஒன்று, நிரலைக் கட்டம் கட்டமாக ஓட்டும் நோட்புக்கில் அதே கட்டத்தை மறுபடி ஓட்டுவது. முதல் ஓட்டத்தில் 'வீச்சு' என்ற புது நெடுவரிசை சேர்ந்துவிடுகிறது, அதுவும் எண். அட்டவணை முழுவதையும் வைத்துக் கணக்கிட்டால் இரண்டாவது ஓட்டத்தில் அதுவும் கணக்கில் கலந்துவிடும். நம் அணியில் என்ன ஆகிறது பாருங்கள்: முதல் வரிசையின் 15 என்பது 4-க்கும் 19-க்கும் நடுவில் இருப்பதால் எத்தனை முறை ஓட்டினாலும் 15 தான். இரண்டாவது வரிசை 7, 15, 23 என்று ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது வரிசை 0, 5, 0, 5 என்று மாறி மாறி வரும். நேர்மறை எண்கள் விரிந்து கிடக்கும் வரிசைகளை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அளவீட்டு நெடுவரிசைகளை ஒரு பட்டியலாக மேலே ஒருமுறை எழுதிவிட்டால் இந்தக் கவலை எல்லாம் போய்விடும்.

ஒரு லாம்டாவை, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனை, கொடுத்து ஒவ்வொரு வரிசைக்கும் அப்ளை செய்யும் வழியும் உண்டு. விடை சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சீரிஸ் (பாண்டாஸின் ஒற்றைப் பட்டியல்) உருவாக்கிப் பைத்தானுக்குள் போய் வர வேண்டும், வரிசைகள் லட்சக்கணக்கில் போனால் தாமதம் நன்றாகவே தெரியும். மேக்ஸையும் மின்னையும் தனித்தனியாக எடுத்துக் கழிப்பது இரண்டு முறை நடப்பதுபோல் தோன்றினாலும் அதுவே வேகமானது.

மற்ற இடங்களில்

ஆர் மொழியில் ரேஞ்ச் என்ற ஃபங்ஷன் வித்தியாசத்தைத் தராது, சிறியது பெரியது இரண்டையும் தரும். வித்தியாசம் வேண்டுமென்றால் டிஃப்(ரேஞ்ச்(வ)), அதை அப்ளை(அணி, 1, ...) வழியாக வரிசைகளுக்கு ஓட்ட வேண்டும், இங்கே 1 என்பது வரிசை, நம்பையின் விதிக்கு நேர் எதிர்: நீங்கள் சொல்வது *மிஞ்சும்* பரிமாணம். ரேஞ்சை மட்டும் அப்ளை செய்தால் விடை 2-க்கு 3 என்று படுத்துக் கிடக்கும், திருப்பிப் போட வேண்டும். டேட்டா ஃபிரேமில் (ஆரின் அட்டவணையில்) ஒரு எழுத்து நெடுவரிசை இருந்தாலும் அப்ளை எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றிவிடும், எனவே முன்பே விலக்கிவிடுங்கள். காலி மதிப்புகளைத் தவிர்க்கச் சொல்லும் என்ஏ.ஆர்எம்=ட்ரூ போட்டு முழுக்கக் காலியான வரிசையைக் கொடுத்தால், எச்சரிக்கையோடு எதிர்மறை முடிவிலி வரும். பெரிய அணிகளுக்கு மேட்ரிக்ஸ்ஸ்டாட்ஸ் தொகுப்பிலுள்ள ரோரேஞ்சஸ் நல்ல தேர்வு.

மேட்லேபில் மேக்ஸ்(ஏ, [], 2) - மின்(ஏ, [], 2). நடுவிலுள்ள வெற்று அடைப்பை விட்டுவிட்டு மேக்ஸ்(ஏ, 2) என்று எழுதினால் ஒவ்வொரு எண்ணையும் 2-உடன் ஒப்பிட்டுப் பெரியதைத் தரும், பிழை வராது. ஆர்2017ஏ பதிப்பிலிருந்து பவுண்ட்ஸ்(ஏ, 2) சிறியதையும் பெரியதையும் ஒரே அழைப்பில் தருகிறது. ஜூலியாவில் எக்ஸ்ட்ரீமா(ஏ, டிம்ஸ்=2).

எக்செலில் =மேக்ஸ்(பி2:ஈ2)-மின்(பி2:ஈ2), கீழே இழுத்தால் முடிந்தது. எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண்களை இது சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும், முழுக்கக் காலியான வரிசைக்கு 0 தரும். இங்கேயும் கவுன்ட் இரண்டுக்குக் குறைந்தால் வெற்றாக விடும்படி ஒரு இஃப் சேர்த்துவிடுங்கள்.

எஸ்க்யூஎல்-இல் கிரேட்டஸ்ட்(அ, ஆ, இ) - லீஸ்ட்(அ, ஆ, இ) என்று எழுதலாம், ஆனால் 'நல்' மதிப்பு, அதாவது தரவுத்தளத்தின் காலி மதிப்பு, வந்தால் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு மாதிரி: போஸ்ட்கிரஸ் நல்லை ஒதுக்கிவிட்டு மீதியில் கணக்கிடும், மைஎஸ்க்யூஎல்-இலும் ஆரக்கிளிலும் ஒரு நல் இருந்தாலே விடை நல். நிரலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விடை மாறும். முடிந்தால் அட்டவணையையே நீள வடிவத்தில், ஒரு அளவீட்டுக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொண்டு குரூப் பை போட்டு மேக்ஸ் - மின் எடுங்கள். தொகுப்பு ஃபங்ஷன்கள் எல்லாத் தரவுத்தளத்திலும் நல்லை ஒதுக்குபவை, நெடுவரிசைகள் கூடினாலும் வினவலைத் தொட வேண்டாம்.

சரிபார்ப்பது

விடை தெரியாத பெரிய தரவில் எப்படிச் சரிபார்ப்பது? வீச்சுக்குச் சில குணங்கள் உண்டு, அவற்றையே சோதனையாக மாற்றலாம். வரிசையில் எல்லா எண்ணோடும் 1000 கூட்டினால் வீச்சு மாறக் கூடாது. எல்லாவற்றையும் -1-ஆல் பெருக்கினாலும் மாறக் கூடாது. பூஜ்யத்தில் தொடங்கும் லூப் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும். 3-ஆல் பெருக்கினால் மூன்று மடங்காக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது சோதனை: ஒவ்வொரு வரிசைக்குள்ளும் எண்களைத் தனித்தனியாகக் கலைத்துப் போடுங்கள். வரிசை வீச்சு துளியும் மாறாது, நெடுவரிசை வீச்சு அநேகமாக மாறிவிடும். அதாவது ஆக்சிஸைத் தப்பாகக் கொடுத்திருந்தால், அணி சதுரமாகவே இருந்தாலும், இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். தசம எண்களில் மட்டும் சரிசமமா என்று பார்க்காமல் நெருக்கமா என்று பாருங்கள்.

கோப்பு நினைவகத்தில் கொள்ளாவிட்டால்

வரிசை வீச்சின் பெரிய வசதி, ஒரு வரிசைக்கு இன்னொரு வரிசை தேவையே இல்லை. பாண்டாஸில் கோப்பைப் படிக்கும்போது சங்க்சைஸ் (துண்டின் அளவு) கொடுத்து ஐம்பதாயிரம் ஐம்பதாயிரம் வரிசைகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்தாவது படியை அப்படியே ஓட்டி, விடையை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம், துண்டுகளுக்கு நடுவே எதையும் சுமந்து செல்ல வேண்டாம். ஒன்றே ஒன்று, துண்டுக்குத் துண்டு எண் வகையைப் பாண்டாஸ் தனித்தனியாக ஊகிக்கும், ஒரு துண்டில் முழு எண்ணாகவும் இன்னொன்றில் எங்கோ எண்ணுக்குப் பதில் '-' என்று ஒரு கோடு விழுந்திருப்பதால் எழுத்தாகவும் ஒரே நெடுவரிசை வரலாம். படிக்கும்போதே டிடைப் (எண் வகை) கொடுத்துவிட்டால், அந்தக் கோடு எந்தத் துண்டில் இருக்கிறதோ அங்கேயே பிழை வந்து நிற்கும்.